திருகாணியை நிறுத்திய இடம்

மில்லில் தறி ஓட்டினேன். பத்தொன்பது வருஷம். மில்லை மூடியதும் உப்பளம் ஏரியாவில் ஒரு சின்னக் கடை பிடித்து ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்தேன். மில்லில் இருக்கும்போதே கை பழகிய வேலை அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கல்யாணக் கேசட்டை சி.டி.யில் ஏற்றித் தரச் சொன்னார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது படித்தவனுக்கு அது போதும்.

அந்தக் கடைக்குத்தான் சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், நேரில் ஐயா என்பதற்குப் பதில் முசே என்று கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆட்டோவிலிருந்து ஒரு ஸ்பூல் டேப் மெஷினை இறக்கினார். சூட்கேஸ் அளவு இருந்தது.

"இதை ரிப்பேர் பண்ணத் தெரியுமா, கெடுக்கத் தெரியுமா?"

"ரெண்டும் தெரியும், முசே."

சிரித்தார். மறுநாளே வந்து நின்றார். பெல்ட் மாற்றியிருந்தேன். சோதித்துப் பார்க்க அவர் கையோடு கொண்டுவந்த நாடாவைப் போட்டார். சாக்ஸபோன் ஒரு பக்கம் கத்தியது. டிரம்ஸ் இன்னொரு பக்கம் ஓடியது. ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் வாத்தியம் அடியில் தன் பாட்டுக்கு நடந்தது. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்னாண்ணே, கையி எதுலயாவது மாட்டிக்கிச்சா?"

சொல்தா கோபித்துக்கொள்ளவில்லை. "இது ஃப்ரீ ஜாஸ்ப்பா. மேடையில வாசிச்சது. மனசுக்குத் தோணுறதை அப்பப்ப வாசிப்பானுங்க" என்றார்.

டீக்கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தறிக்கூடத்தில் நூறு தறி ஓடும். ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குக் கிடையாது. புதிதாக வருகிறவனுக்கு அது இரைச்சல். ஒரு வருஷம் நின்றவனுக்கு எந்தத் தறி எங்கே போகிறது என்று தெரியும். நான் இந்த நாடாவையும் அப்படித்தான் கேட்டேன். முடிந்ததும் சொன்னேன்: "பேஸ் வாசிக்கிறவர் நடுவுல காலைத் தட்டுறாரு. மரத் தரை போலிருக்கு. ஒரு இடத்துல நாற்காலி நகருது."

அவர் நாடாவைத் திருப்பி ஓடவிட்டுக் கேட்டார். கால் இருந்தது. நாற்காலியும் இருந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன். நான் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மில்காரரே" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அவர் வீடு குருசுக்குப்பத்தில். ஞாயிறு மதியச் சாப்பாடு ஆனதும் சைக்கிளில் போவேன். ஒரு அறை முழுக்க ரிக்கார்டு, நாடா, சி.டி. பிரான்ஸில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியவை பாதி. மீதி தபாலில் வந்தவை. அங்கே அவரைப்போலவே சேர்க்கிற சிலர் இருந்தார்கள். தங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். இல்லாததைப் பதிந்து மாற்றிக்கொள்வார்கள். எல்லாம் மேடைக் கச்சேரிகள். ரேடியோவில் ஒரு தடவை வந்து போனவை, யாரோ கோட்டுக்குள் மைக்கை வைத்துப் பதிந்தவை.

அட்டையில் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் இருந்த பெயர்களை எனக்குப் படிக்க வராது. நான் என் வசதிக்குப் பெயர் வைத்தேன். மழை டேப். இருமல் டேப். கூரை ஒழுகும் இடத்தில் பதிந்தது ஒன்று, வாளி டேப். நாளாக ஆக அவரும் அந்தப் பெயரையே சொல்ல ஆரம்பித்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஓடும்போது பேசக்கூடாது. முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர் கேட்காததாக இருக்க வேண்டும். கேட்டிருந்தால் "கேட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டிருக்காவிட்டால் திருப்பி ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அநேகமாக நான்தான் ஜெயிப்பேன். மூச்சு, கால், தோல் தளர்ந்த பெரிய டிரம், ஹாலுக்கு வெளியே போகிற லாரி. அவர் மனைவி மதாம் சமையலறையில் இருந்தபடியே கேலி பண்ணுவார்.

"அண்ணே, லாரிச் சத்தம் கேக்க இங்க வரணுமா? கடலூர் ரோட்ல நின்னா வேணுங்கிற அளவுக்குக் கேக்கலாமே."

"நீ சும்மா இரு. இவருக்கு இருக்கிறது காது இல்ல, வலை. தப்பிக்காது."

பழைய ரிக்கார்டுகள் புதிதாக சி.டி.யில் வரத் தொடங்கிய நேரம் அது. ரீஇஷ்யூ என்பார். பார்சல் வந்தால் ரிக்கார்டையும் சி.டி.யையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு சி.டி.யில் டிரம்ஸ் மட்டும் வாசிக்கிற பகுதி நீளமாக இருந்தது. ரிக்கார்டு போட்ட காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதுதான் நல்லா இருக்கிறது என்றார் அவர்.

"வாசிச்சதை வாசிச்சபடி விடணும் முசே. வெட்டுறதுக்கு இவன் யாரு?"

"போரடிக்குதுய்யா அந்த இடம்."

"அடிக்கட்டும். அவர் வாசிச்சது."

இரண்டு ஞாயிறு இதே சண்டை. மதாம் காபி வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரு பேசுறதை எவனாவது பதிஞ்சி அனுப்பினா வெள்ளைக்காரன் இதையும் ஜாஸுனு வாங்கிப்பான்" என்றார்.

அவர் வைத்திருந்ததிலேயே அருமையானது மணி டேப். இருபத்தாறு வயதில், பிரான்ஸில் ஒரு சின்ன ஊர் முகாமில் இருந்தபோது, கடைக்குக் கொண்டுவந்த அதே மெஷினை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்த கச்சேரி. கடைசியில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். சாக்ஸபோன்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றில் கோத்த சின்ன மணிகளை எடுத்து மெதுவாக ஆட்டுவார். வெகுநேரம். அது நின்ற பிறகும் ஹாலில் ஒருத்தர்கூடக் கை தட்டவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிடும்.

எனக்கு முதல் தடவை போட்டுக் காட்டினார். எல்லோரும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை. நாடா முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாற்காலி முனகியது. அது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார். அதுவும் கேட்டது. மணி கேட்கவில்லை.

"மணி கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன்.

தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு விசில், மணி மாதிரி உச்சத்தில் வருகிற மெல்லிய சத்தம் முதலில் போகும், அடியில் வருவது தங்கும். எங்கள் ஷிப்டில் எல்லோருக்கும் போனது. அது பெரிய விஷயமாக யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் என் மனைவி சத்தம் போடுவாள்.

"குக்கரு அஞ்சு விசில் அடிச்சிட்டுது. பக்கத்துலயே குந்திகினு இருக்கிறீங்க. அடுப்பை நிறுத்தக் கூடாதா?"

"பேப்பர் பாத்துட்டு இருந்தேன்."

"பேப்பர் காதையும் மறைக்குதா?"

அவளிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு அறையில் என்னை வலை என்றார்கள். ஊரில் வேறு யாரும் என்னை எதற்கும் பெரிதாகச் சொன்னதில்லை.

ஒரு நாள் சொல்தா பிரவுசிங் சென்டரிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். பட்டியல் மாற்றிக்கொள்கிறவர்களில் ஒருவர், சின்னதாக ரிக்கார்டு கம்பெனி நடத்துகிறவருக்கு இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மணி டேப்பில் வாசித்த கோஷ்டியின் பழைய கச்சேரிகளைத் தொகுத்து ரீஇஷ்யூ போடப்போகிறார்களாம். மணி ஆட்டிய அந்தக் கச்சேரியின் பதிவு இவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. சி.டி.யில் ஏற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"மணிக்காகத்தான் கேக்குறானுங்க. அந்த மணியைப் பத்தி கேள்விப்பட்டிருக்கானுங்க, எவனும் கேட்டதில்ல" என்றார். பிறகு மெதுவாக, "பின்பக்கம் சின்ன எழுத்துல என் பேரு போடுவானுங்களாம்" என்றார்.

அவர் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"மெட்ராஸ்ல பெரிய ஸ்டூடியோ இருக்குது. அங்க குடுக்கலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "சே, உங்களை வெச்சிக்கிட்டு எவன்கிட்டயோ எதுக்கு?" என்றார்.

நான் அங்கேயே கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சரி என்றேன்.

பதிந்த அந்த மெஷின் அப்போது ஓடவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது. சாமான் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களோடு கிடந்த வேறு ஒரு ஸ்பூல் மெஷினை வாங்கிச் சரிபண்ணினேன். வேறு மெஷினில் ஓட்டினால் ஒரு வேலை உண்டு. நாடா உரசிப்போகிற ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வுக்கு இதைத் திருப்ப வேண்டும். மெல்லிய சத்தம் எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கால் சுற்று தவறினாலும் அடிச் சத்தம் அப்படியே இருக்கும், மேல் சத்தம் மங்கிப்போகும். அதற்குக் கருவி என்னிடம் இல்லை. காதுதான்.

நாடாவும் நல்ல நிலையில் இல்லை. எங்கள் ஊர்க் காற்று அதைத் தின்றிருந்தது. பூச்சு பழுப்பு மாவாக உதிர்ந்தது. முன்பக்கத்தில் ஒரு சாண் ஓட்டிப் பார்த்ததுமே சொன்னேன்.

"ஒரு தடவைதான் ஓடும் முசே. ரெண்டாந்தடவை தாங்காது."

"ஒரு தடவை போதும். நீங்க இருக்கிறீங்க."

கடை ஷட்டரைப் பாதி இறக்கினோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்போன் ஒன்றுதான். என் தலையில் மாட்டிக்கொண்டேன். நாடா ஓடத் தொடங்கியது. திருகாணியில் கை வைத்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பினேன். பேஸ் அதேபோல இருந்தது. கால் அதேபோல இருந்தது. எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டியிருந்தால் போதும். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

கடைசிப் பகுதி வந்தபோது என் முகத்தைப் பார்த்தே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மணி வருதா?"

தலையாட்டினேன்.

"நல்லா வருதா?"

"வருது முசே."

முடிந்ததும் நாடாவைத் திருப்பிச் சுற்றினேன். பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்ததும் பூச்சு தனியாக, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தனியாக வந்தது. அவர் அதைப் பார்த்துக் கவலைப்படவில்லை. "எடுத்தாச்சே" என்றார். அன்று சாயங்காலமே தபாலில் அனுப்பினார். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் கேட்டிருந்தேனே.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கென்று எடுத்த பிரதியைப் போட்டார். கடைசிப் பகுதி வந்தது. கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்தார். எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். நாற்காலி முனகியது, மூக்கு உறிஞ்சியது. மதாம் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார். அந்த இசையை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்காதவர்.

"எங்க, அந்த மணி வரலையே?"

மதாம் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எப்பவும் அடுப்படி வரைக்கும் கேக்குமே. சிணுங்கு சிணுங்குனு. இப்ப எங்க போச்சி?"

"நாடா பழசு. அதான் முன்னாடியே சொன்னாரில்ல" என்றார் சொல்தா. என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்குப் பரிந்துதான் சொன்னார்.

"ஆமாங்க மதாம்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் பிரெஞ்சில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். நன்றி எழுதியிருந்தார்கள். அடிச் சத்தமெல்லாம் அருமை, பேஸ் வாசித்தவர் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது. ஆனால் மேல் சத்தம் இல்லை. மணி கேட்கவே இல்லை. ஹெட்டின் சாய்வைச் சரியாக வைத்தீர்களா, இன்னொரு தடவை எடுத்து அனுப்ப முடியுமா. அவ்வளவுதான்.

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

"அவனுங்களுக்கு என்னா தெரியும், நம்ம ஊரு உப்புக் காத்து. சாய்வாம். உங்களுக்குத் தெரியாத சாய்வா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. காபி ஆறிவிட்டது என்று சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து அந்த ரீஇஷ்யூ வந்தது. அவரே எழுதி வாங்கினார். வேறு ஊர்க் கச்சேரி ஒன்றைக் கடைசியில் சேர்த்திருந்தார்கள். அதில் மணி கிடையாது. பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை விரலால் தடவி ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசித்து முடித்து அட்டையை அலமாரியில் வைத்தார். அன்றைக்கு ஆளுக்கு ஒன்று சொல்கிற வழக்கத்தை இருவருமே மறந்ததுபோல விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை போவது நிற்கவில்லை. குறைந்தது. போனாலும் பழைய சண்டை வரவில்லை. எந்த டேப்பைப் போட்டாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு அவருக்கு மூட்டு வலி அதிகமானது. பிரான்ஸில் இருக்கிற மகள் வீட்டோடு வரச் சொன்னாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போவதாக முடிவானது. ஒரு ஞாயிறு கூப்பிட்டு அனுப்பினார். போனேன். ரிக்கார்டு, நாடா, சி.டி. எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டியிருந்தது. பதினேழு பெட்டி.

"எல்லாம் உங்களுக்குத்தான் மில்காரரே. கடையில இடம் பண்ணிக்குங்க. இந்த ஊர்ல இதைக் கேக்குறதுக்கு வேற காது கிடையாது."

நான் பெட்டிகளைப் பார்த்தேன். மேலே ஒன்றில் மழை டேப், இருமல் டேப் என்று அவர் கையால் தமிழில் எழுதியிருந்தார்.

"முசே, எனக்கு மணி கேக்காது."

"எந்த மணி?"

"அந்த மணி. ஒரு நாளும் கேட்டதில்ல. மெல்லிசு சத்தம் எதுவும் கேக்காது. மில்லுலயே போயிடுச்சி."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மதாம் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அது நின்றது.

"அப்ப அந்தத் திருகாணி?"

"சும்மா ஒரு இடத்துல நிறுத்தினேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவளைக் கடைக்கு இட்டுகினு வந்திருப்பேனே. இங்கனு கையைக் காட்டியிருப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அது என் கணக்கிலேயே இல்லாமல் இருந்தது. என் காது, அவர் காது, ஸ்டூடியோ, கருவி என்று எல்லாம் யோசித்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து அந்த மணியை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த மதாம் நினைவுக்கே வரவில்லை.

பெட்டிகள் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் எடுத்துப் போ என்று திரும்பச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து ரிக்கார்டு சேர்க்கிறவர் ஒருவர் வண்டி அனுப்பினார். தூக்க ஆள் இல்லை என்று மதாம் போன் செய்தார். போனேன். பதினேழையும் நானும் டிரைவரும் ஏற்றினோம். சொல்தா வாசலில் நின்று, எதன் மேல் எதை வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தார்ப்பாய் போட்டு அவரே கயிறு கட்டப் பார்த்தார். மூட்டு வலியில் குனிய முடியவில்லை, முடிச்சு நழுவியது. நான் அவிழ்த்துவிட்டு இறுக்கிக் கட்டினேன். இழுத்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.